மெருகிடாத அடுக்குப் பலகை

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டுத் தரைக்கு இடும் மரப்பலகையைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். தமிழாசிரியர்க்கும் தரைப்பலகைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். இப்பொருள் பற்றிய செய்திகள் யாவும் பிறமொழிப் பெயர்களால் மூடுண்டு கிடக்கின்றன. அவற்றைத் தாய்மொழியில் எடுத்து விளக்குதல் எம்மனோர் கடமையாகும். பெயர் விளங்காத பண்டத்தை விலை பேச இயலாது; பண்டத்தை விலை பேச அறியாதவன் தன் கூலியையும் பேச அறியாதவனாகின்றான். இக்காரணம் பற்றியே இப்பணியை ஏற்றுக்கொண்டோம்.

நம் விசுவகர்ம குலத்து ஐந்தொழிலாருள் மரத்தொழிலார்க்கு இன்று நேர்ந்துள்ள நிலையை முதற்கண் கூறுதும். குளிர்நாடுகளில் வழங்கிவந்த மரத்தளம் இப்பொழுது நம் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலும் கடைகளிலும் வந்து புகுந்துள்ளது. கடல் கடந்து சென்ற நம் இளைஞர் சிலரும் இவ்வேலையில் அமர்ந்துள்ளனர். ஆயினும், தொழிற்சாலையிலேயே மெருகேற்றிப் பெட்டியில் அடைத்துவரும் பலகையே பெரும்பாலும் விலையாகின்றது. அதனை எடுத்து ஒன்றோடொன்று கோத்துவிட்டால் வேலை முடிந்தது. அளக்கவும் அறுக்கவும் தெரிந்தால் போதும். இழைக்கவும் மெருகிடவும் தெரிந்த கைக்கு அங்கே இடமில்லை. மெருகிடாமல் விற்கும் பலகை என ஒன்றும் உண்டு. அதன் பாதி வேலை தொழிற்சாலையிலும் மறுபாதி வேலை நம் கையிலும் முடிகின்றது. அதனை நாம் அறிந்து கொள்ளாவிடின் அந்த மறுபாதியும் நம் கையை விட்டுப் போகும்.

இனிப் பலகையின் இயல்பைக் கூறுவாம். மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை உண்ணும், உமிழும். உண்டபோது அகலத்தில் பருக்கும், உமிழ்ந்தபோது சுருங்கும். நீளத்திலோ அம்மாறுதல் இல்லையென்றே கூறலாம். காற்றின் ஈரம் நூற்றுக்கு 50 உள்ள அறையில் மரத்தின் ஈரம் நூற்றுக்கு ஏறக்குறைய 9 ஆக நிற்கும். காற்றின் ஈரம் 70 ஆக ஏறின், மரத்தின் ஈரம் 13 அளவுக்கு ஏறும். குளிர்சாதனம் ஓடும் நாளும் அது நிறுத்தப்பட்டுக் கடற்காற்றுப் புகும் நாளும் மாறி மாறி வரும் சென்னை வீட்டில் இவ்வேறுபாடு அரியதன்று. 3 மீட்டர் அகலமுள்ள அறை ஒன்றில் முழுமரப் பலகை பரப்பியதாகக் கொள்வோம். இந்த 4 பங்கு ஈர மாறுதலுக்கு, பலகையை அறுத்த வாக்கிற்கேற்ப, தேக்குத் தளம் மொத்தத்தில் 22 மில்லி மீட்டர் வரை பருக்க முயலும். வெள்ளை ஓக் மரத்தளம் 44 மில்லி மீட்டர் வரை பருக்க முயலும். தேக்கின் பெருமை அதன் உறுதியில் மட்டும் இல்லை. அலையாது நிற்கும் இந்த அடக்கத்திலும் உள்ளது. இடமின்றிப் பருக்கும் தளம் நடுவே எழும்பும். சுருங்கும் தளம் இடைவெளி காட்டும்.

இக்குறையை நீக்கவே அடுக்குப் பலகை தோன்றியது. கடைக்காரர் 'எஞ்ஜினியர்டு வுட்' என்று கூறுவது இதுவே. மேலே நல்ல மரத்தால் ஆகிய ஓர் ஏடு. அதன்கீழ், இழையோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு பசையிட்டு அழுத்திய பல ஏடுகள். ஓர் ஏடு பருக்க முயலும் திசையில் அடுத்த ஏடு அசையாது நிற்றலின், ஒன்றை ஒன்று தடுத்துப் பலகை முழுவதும் பெரிதும் அடங்கி நிற்கின்றது. மேலேட்டை யாம் 'மேலேடு' என்றும், கீழுள்ள அடுக்கை 'நடுப்பலகை' என்றும் இவ்வுரையில் வழங்குவோம்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. எகிப்து நாட்டுச் சக்காராவில், படிக்கட்டுப் பிரமிடின் கீழே கண்டெடுத்த சவப்பெட்டி ஒன்று ஆறு ஏடுகளை இழை மாற்றி அடுக்கிச் செய்யப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ 4,600 ஆண்டுகட்கு முற்பட்டது. தரைக்குரிய அடுக்குப் பலகைக்குச் சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் கேர் என்பார் 1941 இல் காப்புரிமை பெற்றார்.

'இஃது ஒட்டுமரமன்றோ? முழுமரம் இருக்க இதனை நாடுவது நம் குலத்தொழிலுக்கு இழுக்கன்றோ?' என்று நம் பெரியோர் சிலர் வினவுகின்றனர். அவர் வினா மதிக்கத்தக்கதே. ஆயினும் இரண்டை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களுக்குத் தேக்கு அனுப்பிய பர்மா, 2014 ஏப்ரல் முதல் வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. வைரம் பாய்ந்த பெருமரம் அருகிவருங் காலத்தில், 20 மில்லி மீட்டர்க் கனமுள்ள ஒரு முழுப்பலகையைப் பிளந்தால் 4 மில்லி மீட்டர் மேலேடு மூன்றேனும் கிடைக்கும். ஓர் அறைக்குரிய மரம் மூன்று அறைக்கு உதவுகின்றது. இரண்டாவது, முழுமரப் பலகையிலும் நாம் தேய்த்துப் பயன்கொள்ளக் கூடியது, பக்கத்து நாக்குக்கு மேலுள்ள பகுதி மட்டுமேயாம். 18 அல்லது 19 மில்லி மீட்டர்ப் பலகையில் அஃது ஏறக்குறைய 6 முதல் 8 மில்லி மீட்டரே. எஞ்சியது கண்ணுக்கும் காலுக்கும் படாமல் கீழே கிடப்பது. 6 மில்லி மீட்டர் மேலேடுள்ள அடுக்குப் பலகை தேய்மானத்தில் முழுமரத்துக்குப் பெரிதும் குறைந்ததன்று.

மர வடிவத்தைத் தாளில் அச்சிட்டுப் பலகைமேல் ஒட்டி விற்பது வேறு. 'லாமினேட்' என்னும் அப்பொருளுக்கு மேலே மரமே இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர் உளர். பலகையின் முனையைத் திருப்பிப் பார்த்தால் உண்மை விளங்கும். மேல்முகத்தில் ஓடும் இழை முனையிலும் தொடர்ந்து தோன்றுமாயின் அது மரம்; முகத்தோடு நின்றுவிடுமாயின் அது தாள்.

நிற்க. தொழிற்சாலையில் மெருகேற்றிய பலகைக்கும் மெருகிடாத பலகைக்கும் உள்ள நன்மை தீமைகளை நடுநிலையோடு கூறவேண்டும். முன்னதன் மெருகு, அலுமினிய ஆக்சைடு கலந்து புறஊதாக் கதிரால் இறுக்கப்பட்டமையின் மிக்க கடினமானது. வீட்டில் தூசும் நாற்றமும் இல்லை. இட்ட அன்றே நடமாடலாம். குடியிருக்கும் வீட்டில், குழந்தைகளும் நோயாளரும் உள்ள இடத்தில், அதனையே பரிந்துரைத்தல் அறமாகும். ஆயின், பலகைக்குப் பலகை உயரத்தில் உள்ள சிறு வேறுபாட்டை மறைத்தற்பொருட்டு அதன் ஓரங்களைப் பெரும்பாலும் சாய்வாகச் சீவியிருப்பர். அந்தப் பள்ளங்களில் அழுக்குத் தங்கும். கிடைக்கும் நிறமே நிறம். பழைய தளத்தோடு இணைத்தல் அரிது.

மெருகிடாத பலகையோ நேர் ஓரம் உடையது. தளம் முழுவதும் பரப்பிய பின் ஒருங்கே தேய்த்து மெருகிடுதலால், அறை முழுதும் ஒரே பலகை போலத் தோன்றும். நிறமும் பளபளப்பும் வீட்டார் விருப்பம். பழைய பலகையோடு புதிய பலகையை இணைத்து ஒன்றாக்கலாம். இதற்கு ஈடாகத் தூசு, நாள், திறமை ஆகிய மூன்றையும் நாம் கொடுக்க வேண்டும். திறமை இல்லாத கையில் இப்பலகை, மெருகேற்றி வந்த பலகையினும் தாழ்ந்ததாகவே முடியும்.

தெரிந்தெடுக்குங்கால் நோக்க வேண்டியவற்றை இனி முறையே கூறுதும்.

முதலாவது, மேலேட்டின் கனம். சந்தையில் அஃது 1 மில்லி மீட்டருக்குக் குறைந்ததிலிருந்து 6 மில்லி மீட்டர் வரை உண்டு. மெருகிடாத பலகையை முதன்முறை சமன்படத் தேய்க்கும்பொழுதே அரை முதல் 1 மில்லி மீட்டர் வரை போய்விடும். மெருகேற்றி வந்த பலகைக்கு இவ்விழப்பு இல்லை. ஆகவே அதற்குப் போதுமான 2 மில்லி மீட்டர் இதற்குப் போதாது. 4 மில்லி மீட்டரும் அதற்கு மேலும் நன்று. 3 மில்லி மீட்டர் கடைசி எல்லை. அதற்குக் கீழ்ப்பட்டதை மலிவென்று வாங்குபவர், பேரனுக்கென எண்ணிய தளத்தை மகன் காலத்திலேயே பெயர்ப்பர். விற்போர் பலகையின் மொத்தக் கனத்தைச் சொல்லிப் பெருமை பேசுவர். 'மொத்தம் இருக்கட்டும், மேலேடு எத்தனை?' என்று கேட்க நம்மவர் பழக வேண்டும்.

இரண்டாவது, மேலேட்டை எடுத்த முறை. வாளால் அறுத்தெடுத்தது முழுமரம் போன்றே தோன்றும், உழைக்கும். கத்தியால் சீவியெடுத்தது அதற்கு அடுத்தது. மரத்தை உருட்டி, தோல் உரிப்பதுபோல் உரித்தெடுத்த ஏட்டில் இழை அகன்று அலையாய்த் தோன்றும். நுண்ணிய வெடிப்புகளும் இருத்தல் கூடும்.

மூன்றாவது, நடுப்பலகையும் பசையும். பலகையின் முனையை நோக்குக. ஏடுகளிடையே இடைவெளி இருப்பின் அங்கே காலடியில் ஓசை எழும், ஆணி பிடியாது. பிர்ச் மரத்து ஏடுகளால் ஆகியது சிறந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த நடுப்பலகை ஈரம் பட்டால் ஊதும்; ஊதியது பின் சுருங்கி ஒழுங்குபடாது. ஒரு துண்டை வாங்கிக் கொதிநீரில் சில மணி நேரம் இட்டுப் பார்ப்பது கடினமான சோதனையே. எனினும் நம் கடற்கரை ஊர்களுக்கு அச்சோதனையில் பிரியாது நிற்பதே வேண்டத்தக்கது. பழைய வச்சிரப் பசையின் இடத்தில் இன்று வழங்கும் பசைகள் பலவற்றில் பார்மால்டிஹைடு என்னும் பொருள் உண்டு. அது மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் முடிவு செய்தது. அமெரிக்க நாட்டில், ஒட்டுப்பலகையிலிருந்து வெளிப்படும் அதன் அளவு சோதனைக் கூண்டின் காற்றில் பத்து இலட்சத்தில் 0.05 பங்குக்கு மேற்படலாகாது என்று சட்டம் உள்ளது. ஐரோப்பியர் 'ஈ-1' என்று குறி இடுவர். இவ்வகைச் சான்று எழுத்தில் உள்ளதா என்று கேட்டு வாங்குக.

நான்காவது, ஈரம். மெருகிடாத பலகைக்கு மேற்காப்பு இல்லாமையின் அது காற்றின் ஈரத்தை விரைவில் குடிக்கும். சுவரின் பூச்சு வேலையும் வண்ண வேலையும் முடிந்து உலருமுன் பலகையை வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. சிமெண்டுத் தரை உலர்ந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாற்புறமும் ஒட்டுநாடாவால் அடைத்து, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு எடுக்க வேண்டும். அடியில் நீர்த்துளியோ கருமையோ தோன்றின் தரை இன்னும் உலரவில்லை. தாள் வறண்டிருந்தாலும் ஈரமானியால் ஒருமுறை அளந்து கொள்வது நலம். பலகையைப் பரப்புங்கால் சுவரோரத்தில் 10 முதல் 12 மில்லி மீட்டர் இடம் விடுக. அடுக்குப் பலகை அடங்கியதேயன்றி அசைவற்றதன்று.

ஐந்தாவது, இடம். வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாக நீர் ஊற்றித் தரை கழுவும் வீட்டுக்கு மரத்தளம் எவ்வகையினும் ஆகாது. கல்லும் ஓடும் அங்கே இருக்கட்டும். குளியலறை, சமையலறைத் தொட்டியோரம், கறையான் உள்ள தரைவீடு ஆகியவற்றிலும் மறுத்துவிடுக. வேலை கிடைக்கின்றதே என்று தகாத இடத்தில் மரம் இடுபவன், அடுத்த மழைக்காலத்தில் தன் பெயரை இழப்பான்.

இனி மெருகிடும் முறை. எந்திரத்தில் பெருமணல் உப்புத்தாளில் தொடங்கி, 40, 60, 80, 100 எனப் படிப்படியாக ஏறுக. ஒரு படியைத் தாண்டினால், முன்தாளின் கீறல் மெருகின் அடியில் நின்று சாய்ந்த ஒளியில் எல்லாம் காட்டிக் கொடுக்கும். அளவுக்கு மிஞ்சி வழவழப்பாக்கினாலோ மரத்தின் துளைகள் மூடுண்டு எண்ணெய் உள்ளே புகாது.

மரத்திற்கேற்ப மெருகு வேறுபடும். ஓக் மரத்தில் துவர்ப்பொருள் மிகுதி. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் எழுத்துமை ஆகும் என்பதை நம் முன்னோர் அறிவர். அதே வினை இங்கும் நிகழும். ஈரமான ஓக் பலகைமேல் இரும்புத் துகள் விழுந்தால் கரும்புள்ளி தோன்றும். தேக்கிலோ இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு. மெருகு பற்றாமல் நழுவுதல் கூடும். ஆதலின் உரிய கரைப்பானால் துடைத்து, உலர்ந்தவுடன் காலந்தாழ்த்தாது முதற்பூச்சு இடவேண்டும். பாலியூரித்தேன் பூச்சு கடினமானது. நீர் சிந்தினாலும் தாங்கும். ஆயின் ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அவ்விடத்தை மட்டும் சரிசெய்வது அரிது. எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு அவ்வளவு கடினமில்லை. எனினும் கீறிய இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிவிடலாம். நம் அரக்கு மெருகு மேசைக்கும் பேழைக்கும் அழகியது. நீரும் சாராயமும் பட்டால் கெடுமாதலின் நடமாடும் தரைக்கு ஏற்றதன்று. எதுவாயினும், அதே பலகையின் துண்டில் பூசிக் காட்டி, வீட்டார் ஒப்பிய பின்னரே தரையில் பூசத் தொடங்குக.

இளைஞர்காள்! இனி யாம் கூறப்போவதை ஊன்றிக் கேளுங்கள். மரத்தூள் தீங்கற்றது என்று எண்ணியே நம்மவர் வாழ்ந்துவிட்டனர். அது மூக்கினுள்ளும் அதனைச் சூழ்ந்த எலும்பறைகளிலும் புற்றுநோய் விளைப்பது என்பதை மேற்கூறிய நிறுவனம் 1995 இல் வெளியிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது காப்பாகாது. எந்திரத்தோடு தூசு உறிஞ்சும் பை, முகத்தோடு பொருந்திய என்95 முகமூடி ஆகிய இரண்டும் இன்றி எந்திரத்தைத் தொடுவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். முகமூடியின் விலையைக் கூலிக் கணக்கில் எழுதுவதற்கு நாண வேண்டுவதில்லை.

மற்றொன்று, எண்ணெய்த் துணி. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அச்சூடு வெளியேறாமல் பெருகித் தானே தீப்பற்றும். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில், 38 அடுக்குள்ள ஒரு கட்டடத்தின் 22ஆம் அடுக்கில், மரச்சுவரை மெருகிட்டவர்கள் விட்டுச்சென்ற அத்தகைய துணிகளால் 1991 பெப்ருவரி 23 ஆம் நாள் தீ எழுந்தது. தீயணைக்கச் சென்ற வீரர் மூவர் உயிர் நீத்தனர். ஒரு பிடி துணியால் விளைந்த கேடு அது. அன்றன்று மாலையில் அத்துணிகளை வெளியிடத்தில் தனித்தனியே விரித்து உலர்த்துங்கள். அல்லது நீர் நிறைந்த மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இட்டு வையுங்கள்.

இறுதியாக, கூலியும் சங்கத்தின் கடமையும் பற்றிச் சில சொற்கள். பலகை இடும் கூலியையும், தேய்த்து மெருகிடும் கூலியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு தொகை பேசும் வழக்கத்தை நாம் ஒழிக்க வேண்டும். ஒன்றாகப் பேசினால், நாள் நெருங்கும்போது வெட்டுப்படுவது மெருகின் பங்கே. ஒரு சதுர அடிக்கு இடுதற்கு இவ்வளவு, தேய்த்தற்கு இவ்வளவு, பூச்சு ஒன்றுக்கு இவ்வளவு, பூச்சு உலரும் நாள் இத்தனை என்று தனித்தனியே எழுதி, மேலேட்டின் கனத்தையும் அதில் குறித்து, வீட்டாரின் கையொப்பம் பெறுதல் இருபாலார்க்கும் காப்பாகும். தரைதேய்க்கும் எந்திரம் விலைமிக்கது. ஒவ்வொருவரும் வாங்க இயலாது. சங்கம் தூசுறிஞ்சியோடு கூடிய எந்திரம் ஒன்றை வாங்கி, நாள்வாடகைக்கு உறுப்பினர்க்கு அளித்து, பழகிய ஒருவரைக் கொண்டு விடுமுறை நாட்களில் பயிற்சி நடத்தலாம் என்பது எம் விண்ணப்பம். நம் குலத்தில் பிறவாத இளைஞர் பலரும் இன்று இத்தொழிலில் உளர். அவர்க்கும் அப்பயிற்சியில் இடம் அளிப்பதே தொழிலை வாழ்விக்கும் வழி.

புறநானூற்றில், அதியமானைக் குறித்து ஔவையார் பாடிய பாட்டொன்றில் ஒரு தச்சன் வருகின்றான். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் கைவிரைவு உடையவன் அவன். அத்தகையவன் ஒரு திங்கள் முழுதும் கருத்து வைத்துச் செய்த ஒற்றைத் தேர்க்காலையே மன்னனின் வலிமைக்கு அவர் உவமை ஆக்கினார். எட்டுத் தேரின் விரைவு இன்று தொழிற்சாலைக்கு உரியதாயிற்று. அதனோடு நாம் போட்டியிட வேண்டா. அந்த ஒரு திங்களின் கருத்தை மட்டும் நாம் விட்டுவிடலாகாது. மெருகிடாத பலகை அதற்கே இடம் வைத்துக் காத்திருக்கின்றது.

எந்திரம் வாங்கும் பொருட்டு நிதி திரட்டும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருமெனச் செயலாளர் அவர்கள் தெரிவித்துள்ளார்கள். அன்று அனைவரும் வந்திருந்து ஆதரிக்குமாறு வேண்டி அமைகின்றோம்.